பத்து விரல்லயும் வயலட் மை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பையனைக் கூட்டிட்டுப் போயி போலியோ சொட்டு மருந்து போட்டுட்டு வரணும்.

முகாம் எங்க வீட்ல இருந்து நாலாவது தெரு. நடந்தா அஞ்சு நிமிஷம். சொட்டு விழ ரெண்டு செகண்டு. ஒன்பது மணிக்குள்ள திரும்பி வந்து இட்லி ஊத்திரலாம்னு மாவுச்சட்டியை எடுத்து வெளிய வச்சுட்டுத்தான் கிளம்புனேன்.

அந்த மாவு சாயந்தரம் வரைக்கும் அங்கனயே இருந்து, பொங்கி, வழிஞ்சு, அடுப்புமேடை பூரா ஓடிச்சு.

போன்ல கட்டைவிரலால என்னைப் படிக்கிற உங்களுக்கு அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்லணும். ரெண்டாயிரம் பொறந்து சில வருஷம் இருக்கும். சிவகாசிக்கு இன்டர்நெட் வந்தும் வராமலும் இருந்துச்சு. டெலிபோன் ஒயரை உருவி கம்ப்யூட்டர்ல மாட்டினா 'கீ கீ'ன்னு கத்தும். அது கத்தி முடிக்கிறதுக்குள்ள எம் பையன் கதிர் முழிச்சு அதைவிடச் சத்தமாக் கத்துவான்.

அவன் கைக்குழந்தையா இருந்தப்ப தூங்கவே மாட்டான். என்ன செய்யன்னு இன்டர்நெட்ல இங்கிலீஷ்காரிக குழுமம் ஒண்ணுல கேட்டேன். "தனி ரூம்ல, தனிக் கட்டில்ல போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு வந்துருங்க"ன்னாங்க.

எங்க வீட்ல இருக்கிறதே ரெண்டு ரூம். ஒண்ணுல நாங்க. இன்னொண்ணுல கட்டுக் கட்டா பட்டாசு லேபிள். எங்க வீட்டுக்காரர் சின்னதா ஒரு பிரஸ் வச்சிருக்கார், சீசன்ல லேபிளுக்குத்தான் வீட்ல முதல் மரியாதை.

அந்தக் கோவத்துல நானே தமிழ்ல ஒரு குழுமம் ஆரம்பிச்சேன். பேரு 'பிள்ளைக்காரிகள்'. மொத உறுப்பினர் நான். ரெண்டாவது எங்க சித்தி மக. அவளுக்கு அப்ப கல்யாணமே ஆகல, என் மனசு கோணக்கூடாதுன்னு சேந்தா. அப்புறம் துபாய்ல இருந்து ஒருத்தி, கோயம்புத்தூர்ல இருந்து ரெண்டு பேரு, விருதுநகர் மிளகா மண்டி வீட்டு மருமக ஒருத்தின்னு மெதுமெதுவா முந்நூறு பேருக்கு மேல ஆயிட்டாங்க. கூடவே எனக்குத் தலைக்கனமும் ஏறிருச்சு.

தினமும் ஒரு அறிவுரை எழுதுவேன். 'பிள்ளை சொல்வதை நம்புங்கள். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை.' 'தின்பண்டம் காட்டிப் பிள்ளையிடம் காரியம் சாதிக்காதீர்கள்.' இப்படி. நாலு வயசுப் பையன் ஒருத்தனை வச்சுக்கிட்டு நாட்டுக்கே பிள்ளை வளக்கச் சொல்லிக் குடுத்தவ நான்!

அந்தக் குழுமத்துல செல்வின்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. விஸ்வநத்தத்துல வீடு. மாமியாரும் வீட்டுக்காரரும் பட்டாசுக் கம்பெனி வேலை. கையில எட்டு மாசத்து மொதப் பிள்ளை. பஸ் ஏறி சிவகாசி வந்து, பிரவுசிங் சென்டர்ல உக்காந்து எழுதும். நாங்க ரெண்டு பேரும் நேர்ல பாத்ததே இல்ல.

அது அந்த வாரம் எழுதியிருந்துச்சு: 'அக்கா, போன தடவை சொட்டு மருந்து போட்ட மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துருச்சு. எங்க அத்தை இனிமே போடக்கூடாதுங்காக. உங்க பேரச் சொன்னேன். கம்ப்யூட்டர்ல சொல்றவ அவ பிள்ளைக்குப் போட்டாளான்னு கேளுங்காக.'

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. முந்நூறு பேரு பாக்க பதில் போட்டேன்.

'ஞாயித்துக்கிழமை மொத சொட்டு என் பையனுக்குத்தான். மை வச்ச விரலோட போட்டோ எடுத்துப் பத்து மணிக்குள்ள போடுறேன். அத்தைக்கிட்டப் போய்ச் சொல்லு. அதுக்கப்புறம் உம் பிள்ளைக்கும் போட்ரணும், சரியா?'

செல்வி சரின்னுச்சு. சொட்டு போட்ட பிள்ளைக்கு அடையாளமா இடது சுண்டுவிரல்ல மை வைப்பாங்க, அதான் சாட்சி. முகாம் சாயந்தரம் அஞ்சு மணியோட முடிஞ்சிரும்.

இதோட நிறுத்தியிருந்தா நான் மனுஷி. நிறுத்தல. "முகாமுக்கு நம்ம செலவுல நோட்டீஸ் அடிச்சுக் குடுப்போம்"னு வீட்டுக்காரரைப் பிடிச்சு அரிச்சேன்.

"என்ன கலரு?"ன்னாரு.

"வயலட்டு. அதான் எங்க குழுமத்துக் கலரு."

"வயலட்டா? கருப்பு மை மெஷின்ல ரெடியா இருக்கு. வயலட்டுக்கு ரோலர் பூராக் கழுவணும்டி."

"கழுவுங்க."

சனிக்கிழமை சாயந்தரம் ரோலரைக் கழுவி நோட்டீஸ் அடிச்சாரு. பையனையும் கூடக் கூட்டிட்டுப் போனாரு. அப்பா மெஷினைப் பாத்துக்கிட்டிருந்த நேரத்துல மகன் மை டப்பாவைப் பாத்துக்கிட்டான். ரெண்டு கையையும் உள்ள விட்டுப் பாத்துக்கிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். உள்ளங்கை வெளுத்துச்சு. நகக்கண்ணு பத்தும் வயலட்டாவே நின்னுச்சு. பிரஸ்காரன் மகன், மை இல்லாம இருந்தாத்தான் அதிசயம்னு விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில எட்டரைக்கு முகாம்ல போய் நின்னோம். பள்ளிக்கூட வராந்தாவுல மேசை போட்டு ஒரு டீச்சர் உக்காந்திருந்தாங்க. பக்கத்துல பிள்ளைகளுக்குக் குடுக்க பலூன் கட்டு. பின்னாடி செவுத்துல எங்க நோட்டீஸ், வயலட்டுல பளிச்சுன்னு!

எனக்குப் பெருமை தாங்கல. பையனை முன்னாடி தள்ளிவிட்டேன்.

டீச்சர் இடது கையப் பிடிச்சாங்க. சுண்டுவிரலைப் பாத்தாங்க. என்னையப் பாத்தாங்க.

"போட்டாச்சுல்லம்மா? பெறகு எதுக்கு வந்தீக?"

"இன்னும் போடல டீச்சர்."

"மை இருக்குல்ல?"

"அது பிரஸ் மை."

"வயலட்டுலயா? நானும் இந்த ஊர்ல பொறந்து வளந்தவதாம்மா. பிரஸ்காரக கையில செவப்பு பாத்திருக்கேன், மஞ்ச பாத்திருக்கேன். வயலட்ட எவன் அடிக்கான்?"

நான் பின்னாடி செவுத்தைப் பாத்தேன். அவங்க முதுகுக்குப் பின்னாடி எங்க நோட்டீஸ் காத்துல ஆடுச்சு. அதைக் காட்டி "இந்தா, நாங்கதான் அடிச்சோம்"னேன்.

"நோட்டீஸ் அடிச்சவுகளே ரெண்டாவது பலூனுக்கு வந்தா எப்படிம்மா? காலையில இருந்து இப்படி ஆறு பிள்ளைக வந்துட்டுப் போயிருச்சுக."

"ஐயோ, பலூனே வேண்டாம் டீச்சர்!"

"வேணும்"னான் கதிர்.

டீச்சர் குனிஞ்சு அவன்கிட்டயே கேட்டாங்க. "ஏலே ராசா, சொட்டு மருந்து போட்டியா?"

"போட்டேன்."

"எம்புட்டுப் போட்டாக?"

"ரெண்டு சொட்டு. ரோஸ் கலரு. லேசாக் கசந்துச்சு. நான் அழவே இல்லையே!"

போன மாசம் போட்டதை அச்சுப் பிசகாமச் சொல்றான்! அன்னைக்கு அழாததுக்கு நான்தான் தட்டிக்குடுத்தேன், அது அவன் மனசுல அப்படியே நின்னிருக்கு.

"டீச்சர், அவன் போன தடவை போட்டதைச் சொல்றான்."

"பச்சப்பிள்ள பொய் சொல்லுமாம்மா?"

நான் எழுதின வரியே என்னையத் திரும்பி வந்து அடிச்சுச்சு. வரிசையில பின்னாடி இருந்தவங்க முனங்க ஆரம்பிச்சுட்டாங்க. கிளம்பி வந்துட்டேன். கதிருக்கு மட்டும், பாவப்பட்டு, ஒரு பலூன் குடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவர் பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காமலே வழி சொன்னாரு.

"விரல்ல மைதான் இருக்குல்ல? அதைப் போட்டோ எடுத்துப் போட்டுட்டு வேலையைப் பாரு. டீச்சரே நம்பிட்டாக, அந்தப் பிள்ள நம்பாதா?"

எனக்கு அது தோணவே இல்ல பாருங்க. மணி ஒன்பதே முக்கால். எடுத்தேன். கேமராவைக் கம்ப்யூட்டர்ல மாட்டினேன். சுண்டுவிரல் அம்புட்டு அழகா வந்திருந்துச்சு, உண்மையிலேயே மை வச்ச மாதிரி. ஒரு தட்டு தட்டுனா ஏறிரும்.

தட்ட முடியல. அந்தப் பொண்ணு பஸ் ஏறி வந்து, நான் போடப்போற ஒரு விரல் போட்டோவைப் பாக்கிறதுக்காக உக்காந்திருக்கும். அதை நம்பி ஒரு பிள்ளை வாயைத் திறக்கப் போகுது. அதுல பொய்யைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரல. வெக்கமா இருந்துச்சு. கம்ப்யூட்டரை அணைச்சுட்டேன்.

"அப்ப மையை அழிச்சிட்டுப் போ"ன்னு வீட்டுக்காரர் அடுத்த வழி சொன்னாரு. "ரோலர் கழுவுற மண்ணெண்ணெ பின்னால இருக்கு."

தேங்கா எண்ணெய் வச்சேன். புளி வச்சேன். எலுமிச்சம்பழம் தேச்சேன். கடைசியா மண்ணெண்ணெயில துணியை முக்கித் தேச்சேன். சுண்டுவிரல்ல மட்டும் கொஞ்சம் விட்டுச்சு. அது என் கையிலயும், அங்கன இருந்து என் மூக்கு நுனியிலயும் ஏறிருச்சுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. கதிர் தெருவே கேக்கிற மாதிரி அலறுனான். "வாயை மூடுடா!"ன்னு நானும் அலறுனேன்.

பக்கத்து வீட்டு மாரியக்கா எட்டிப் பாத்தாங்க.

"என்னத்தா, பிள்ளையப் போட்டு உரிக்கிற?"

"மை போகல மாரியக்கா."

"நீதானத்தா கம்ப்யூட்டர்ல பிள்ள வளக்கச் சொல்லிக்குடுக்கிறது?"

"ஆமாக்கா."

"ம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அந்த 'ம்'முல ஒரு புஸ்தகமே இருந்துச்சு.

இனி அவன் வாயைச் சரிபண்ணணும். அலமாரியில கருப்பட்டி மிட்டாய் இருந்துச்சு. எடுத்துக் கண்ணு முன்னாடி காட்டுனேன். "கதிரு, யாரு கேட்டாலும் போடலன்னு சொல்லணும். சொன்னா மூணு துண்டு." அவன் அஞ்சு கேட்டான். நாலுக்கு முடிச்சோம்.

ரெண்டாவது முகாம், பஸ் ஸ்டாண்டு. பந்தல்ல கண்ணாடி போட்ட சார் ஒருத்தர். விரலைத் தூக்கினாரு. மூக்கைச் சுளிச்சாரு.

"என்னம்மா இது, மண்ணெண்ணெ வாடை?"

நான் என் கையை முந்தானையில துடைச்சேன்.

"வச்ச மைய அழிச்சிட்டு வந்திருக்கீக! ஒரு பலூனுக்காகப் பச்சப்பிள்ள விரல இந்தப் பாடு படுத்துவீகளா?"

"இல்ல சார், அவனையே கேளுங்க. ஒரு சொட்டு கூடப் போடல."

"ஏன்டா தம்பி, மருந்து போட்டியா?"

கதிர் நல்லா நிமிந்து நின்னான். "போடலன்னு சொல்லணும்"னான். அதோட விட்டானா? "சொன்னா நாலு மிட்டாய்."

பஸ் ஸ்டாண்டே சிரிச்சுச்சு. சாத்தூர் பஸ்ல இருந்து இருக்கன்குடி கோயிலுக்கு மொட்டை போடப் போன ஒரு குடும்பம் ஜன்னல்ல தலையை நீட்டிப் பாத்துச்சு. சார் மட்டும் சிரிக்கல. "படிச்சவுக மாதிரி இருக்கீக, போங்கம்மா"ன்னாரு.

வீட்டுக்குப் போயி ஒரு வாய் சோத்தைத் தின்னுட்டு, அவனையும் தூங்கவச்சுட்டு, உக்காந்து யோசிச்சேன். மணி மூணரை. போட்டோ போடல. செல்வி பாத்துட்டு ஏமாந்து வீட்டுக்குப் போயிருக்கும். அத்தை ஜெயிச்சிருப்பாங்க. இனி எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, என்னைய யாருக்குமே தெரியாத ஒரு முகாமுக்குப் போறது.

வண்டியை எடுத்தேன். பையனை முன்னாடி நிக்கவச்சேன். எந்தப் பக்கம் போறோம்னு யோசிக்காமத்தான் போனேன். நிறுத்தின பெறகுதான் பலகையைப் பாக்கேன், விஸ்வநத்தம், செல்வி ஊரு.

அங்கன ஒரு சத்துணவுக் கூடத்துல முகாம். கூட்டம் இல்ல. ஒரு நர்சம்மாவும், பேரு எழுத ஒரு பொண்ணும். வாசல்ல ஒரு அம்மா இடுப்புல கையை வச்சுக்கிட்டு வழிமறிச்சு நிக்கிறாங்க. அவங்களுக்கு எதுக்க, கைக்குழந்தையோட ஒரு சின்னப் பொண்ணு.

"அந்தக் கம்ப்யூட்டர்க்காரி போட்டோ போட்டாளா?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க.

"போடல அத்தை."

"போட மாட்டா. ஊருக்குத்தான் உபதேசம், அவ பிள்ளைக்குப் போட்ருக்க மாட்டா. வா செல்வி, வீட்டுக்கு."

கதிர் கையைப் பிடிச்சு என் பக்கம் இழுத்துக்கிட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டர்க்காரி நான்தான்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லலாம். அவுந்த கொண்டை, மேலெல்லாம் மண்ணெண்ணெ வாடை, மூக்கு நுனியில வயலட்டு. 'ஆமாம்மா, நீங்க சொன்னது சரிதான், என் பிள்ளைக்கு இன்னும் போடல'ன்னும் சேத்துச் சொல்லணும். வாயை மூடிக்கிட்டு அவங்களைத் தாண்டி நேரா மேசைக்குப் போனேன்.

பேரு எழுதுற பொண்ணு கையைப் பாத்துச்சு. "இந்தப் பையனுக்குப் போட்டாச்சுக்கா."

அவ்வளவுதான்.

"போடலம்மா! சத்தியமாப் போடல! காலையில எட்டரையில இருந்து அலையுறேன். ஒவ்வொரு முகாமாத் துரத்திவிடுறாக. காலு ஓஞ்சு போச்சு. இந்தா, பத்து விரலையும் பாரு, பத்துலயுமா மை வைப்பாக? கடவுள் புண்ணியமாப் போகும், எம் பிள்ளைக்கு ரெண்டே ரெண்டு சொட்டு போட்ருங்க!"

சொல்லும்போதே அழுகை வந்துருச்சு. நடிப்பெல்லாம் இல்ல, நெசமாவே தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா அழுறதைப் பாத்துக் கதிரும் அழுதான்.

வாசல்ல நின்ன மாமியார் மெல்ல உள்ள வந்தாங்க.

"என்ன, மருந்து இல்லன்னுட்டாகளா?"

பேரு எழுதுற பொண்ணு, "இவுகளுக்குப் போட முடியாது பெரியம்மா"ன்னுச்சு.

மாமியார் என்னைய மேலயும் கீழயும் பாத்தாங்க. மருந்துப் பெட்டியைப் பாத்தாங்க. வீட்டு வாசலுக்கே வந்து, 'போடுங்க போடுங்க'ன்னு கெஞ்சிக் குடுத்த மருந்தைத்தான் அவங்க இதுவரைக்கும் பாத்திருக்காங்க. ஒருத்தி டவுன்ல இருந்து வந்து அழுது கேட்டும் இல்லன்னு சொல்ற மருந்தை இப்பத்தான் பாக்குறாங்க.

"இம்புட்டு அழுது கேக்கான்னா, சும்மாவா இருக்கும்?"னு முனங்குனாங்க. அப்புறம் சட்டுன்னு திரும்பி, "செல்வி! பிள்ளையக் கொண்டா இங்கன! தீந்துறப் போகுது!"ன்னு கத்துனாங்க.

செல்வி வாயைப் பிளந்துக்கிட்டு நின்னுச்சு. மாமியாரே போய்ப் பிள்ளையைப் பிடுங்கிட்டு வந்து என்னைய இடிச்சுத் தள்ளி முன்னாடி நின்னாங்க.

"எம் பேரனுக்கு மொதல்ல போடுங்க. நாங்க உள்ளூர்க்காரக."

"போன தடவை காய்ச்சல்னு சொன்னீகளே?"ன்னு நர்சம்மா சிரிச்சாங்க.

"அது சளிக் காய்ச்சலு. நீங்க போடுங்க."

ரெண்டு சொட்டு. பிள்ளை உதட்டைச் சப்புக்கொட்டுச்சு. சுண்டுவிரல்ல மை. அழுதுக்கிட்டே பாத்த எனக்கு அப்படி ஒரு சந்தோசம், இன்னும் ரெண்டு நிமிஷம் சேத்து அழுதேன்.

நர்சம்மா என்னையப் பாத்து, "ஏம்மா, இதுக்கா இப்படி அழுறீக? பையனைக் கொண்டாங்க"ன்னாங்க. "ரெண்டாந்தடவை போட்டாலும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே."

காலையில எட்டரைக்கு இதை ஒரு மனுஷனாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்!

கதிர் வாயைத் திறந்தான். முடிஞ்சுது, ரெண்டு செகண்டு. நர்சம்மா மைப் பேனாவைத் திறந்து, இடது கையைத் திருப்பி, வலது கையைத் திருப்பி, "எங்கன வைக்க?"ன்னாங்க. கடைசியில கன்னத்துல திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒண்ணு வச்சுவிட்டாங்க. செல்விகிட்ட ஒரு வார்த்தை பேசாம, மூஞ்சியை முந்தானையால மூடிக்கிட்டு வண்டியை எடுத்தேன்.

மறுநாள் காலையில, பொட்டு வச்ச கன்னத்தைப் போட்டோ எடுத்து, ஏத்தலாம்னு குழுமத்தைத் திறந்தேன். செல்வி எனக்கு முன்னாடியே எழுதியிருந்துச்சு.

'அக்கா, போட்டோ போடலன்னு வருத்தப்படாதீக. எங்க அத்தையே பிள்ளையத் தூக்கிட்டுப் போயிப் போட்டுட்டாக. முகாம்ல மண்ணெண்ணெ வாடையோட ஒரு அம்மா வந்து அழுதுச்சு. அதைப் பாத்துத்தான் அத்தை மனசு மாறுனாக. பாவம்க்கா அந்த அம்மா. பிள்ளையக் குளிப்பாட்டக்கூடத் தெரியல, பத்து விரல்லயும் அழுக்கு. ஆளு எங்கயாச்சும் தட்டுப்பட்டா நம்ம குழுமத்துல சேத்து, நீங்கதான் பிள்ள வளக்கச் சொல்லிக்குடுக்கணும்.'

போட்டோவை ஏத்தல. 'கண்டிப்பா சேத்துருவோம்மா'ன்னு மட்டும் பதில் போட்டேன்.